நான்கு நிமிடக் காட்சி

மூன்று பேர் சேர்ந்து வாழும் வீட்டில் உண்மையான பிரச்சினை துண்டு காயப்போட இடம் போதாது என்பதுதான். மற்றதெல்லாம் வெளியே இருப்பவர்கள் கிளப்பிவிடுவது.

இதை நேற்றே உங்கள் ஸ்டேஷன் ரைட்டரிடம் சொன்னேன். அவர் குறித்துக்கொள்ளவில்லை. பதிலுக்கு, ‘மேற்படி மூவரும் மேற்படி குடியிருப்பில் மேற்படி உறவுமுறையில் கூட்டாக வசித்துவந்த நிலையில்’ என்று எழுதினார். நான் இருபது வருடமாக வசனம் எழுதிச் சாப்பிடுகிறவன். அப்படி ஒரு வாக்கியத்துக்குக் கீழே கையெழுத்துப் போட எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் பேப்பர் கேட்டேன். “ரெண்டு பக்கத்துல முடிச்சிருங்க சார்” என்றீர்கள். இருநூறு எபிசோடு இழுத்தவனிடம் கேட்கிற விஷயமா அது. இருந்தாலும் முயற்சி செய்கிறேன்.

கண்ணாடி இறந்ததில் என் பங்கு என்ன என்பது உங்கள் கேள்வி. கண்ணாடி என்பது ஆள். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தான். வீட்டிலும் வெளியிலும் அவனுக்கு அதுதான் பெயர். என் மனைவி, நான், கண்ணாடி, மூவரும் ஆறு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். என் பங்கு முழுவதையும் சொல்கிறேன். மறைக்கிற சுபாவம் எனக்கு இருந்திருந்தால் நீங்கள் என்னைப் பிடித்திருக்கவே முடியாது. அதை நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

என் மனைவி நீச்சல் பயிற்சியாளர். அவளுக்குக் கிட்டப்பார்வை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினால் பிள்ளைகள் எல்லாம் அவளுக்கு மிதக்கிற உருண்டைகள். பல வருடம் தொப்பியின் நிறத்தை வைத்தே ஆளை அடையாளம் கண்டுகொண்டிருந்தாள். கண்ணாடிதான் அவளுக்குப் பவர் போட்ட நீச்சல் கண்ணாடி செய்து கொடுத்தான். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, “ஒவ்வொருத்தர் மூஞ்சியும் தெரியுதுங்க” என்று சொல்லிக் கண்கலங்கினாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதற்கு எட்டு மாதம் கழித்து, மற்ற எல்லா மூஞ்சியையும்விட அவனுடைய மூஞ்சி பிடித்துப்போய்விட்டது என்றாள். ஒளிவுமறைவு இல்லாத பெண்.

அவனையே வீட்டுக்கு வரச்சொல்லிப் பேசினோம். சாப்பாட்டு மேஜையில் மூன்று பேர். என்னை விட்டுப் போக அவளுக்கு இஷ்டமில்லை, அவனை விடவும் முடியவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு, “அண்ணா, நீங்க போன்னா போயிடுறேன்” என்றான். இவள், “அவரு போகச் சொல்லமாட்டாருடா” என்றாள். பதினான்கு வருடம் குடித்தனம் நடத்திய எனக்கு ‘அவரு’. எட்டு மாதப் பழக்கத்துக்கு ‘டா’. நான் எழுந்துபோய் என் நோட்டை எடுத்துவந்து அதைக் குறித்துக்கொண்டேன்.

இந்த நோட்டு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். காதில் விழாத வசனத்தை நான் எழுதமாட்டேன். இது என் தொழில்முறை. பஸ்ஸில் கேட்பேன், வங்கி வரிசையில் கேட்பேன், துக்க வீட்டில்கூடக் கேட்பேன். கேட்ட இடம், கேட்ட நேரம், சொன்ன வார்த்தை மூன்றையும் நோட்டில் போட்டுவைப்பேன். கற்பனையில் வசனம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பாத்திரங்கள் எல்லாம் அழைப்பிதழ் மாதிரி பேசும்.

அவனை இருக்கச் சொன்னேன். பெரிய மனசு என்று இருவரும் சொன்னார்கள். நானும் மறுக்கவில்லை.

பிறகு ஃபிரிட்ஜின் மேல் ஒரு வெள்ளைப் பலகை வந்தது. யார் எந்த அறையில், யார் சமையல், யார் துண்டுகளை எடுத்து மடிப்பது, எல்லாம் கட்டம் கட்டமாக. செய்து முடித்தவர் டிக் போட வேண்டும். டிக் இருந்தால் நடந்துவிட்டது என்று அர்த்தம், மறுகேள்வி கிடையாது. இரண்டு பேர் வீட்டில் சந்தேகப்பட்டால் ஒருவரைத்தான் சந்தேகப்பட முடியும். மூன்று பேர் வீட்டில் சந்தேகம் ஆரம்பித்தால் யாரும் தூங்க முடியாது. அதனால் எல்லோரும் பலகையை நம்பினோம்.

பலகையில் கடைசி வரி: ‘ஊசி – முதல் டிராயர்’. கண்ணாடிக்கு வேர்க்கடலை ஆகாது. ஒரு துணுக்கு உள்ளே போனாலும் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதற்கு ஒரு ஊசி உண்டு, பேனா மாதிரி இருக்கும், தொடையில் குத்த வேண்டும். வெளியே போனால் பையில். வீட்டில் இருந்தால் அடுப்படியில் முதல் டிராயரில். அது இடத்தில் இருக்கிறதா என்று முறைக்காரர் தினமும் பார்த்து டிக் போட வேண்டும். ஒவ்வாமை டாக்டரிடம் ஒருமுறை மூவரும் சேர்ந்தே போயிருந்தோம். எவ்வளவு நேரத்துக்குள் குத்த வேண்டும் என்று நான்தான் கேட்டேன். “அஞ்சு பத்து நிமிஷம் கிடைக்கலாம். ஆனா அதை நம்பிக்கிட்டு உட்கார்ந்துடாதீங்க” என்றார். நல்ல வசனம். எழுதிக்கொண்டேன்.

இதையெல்லாம் வைத்துத்தான் ‘மூணு சாவி’ என்ற வாரத் தொடரை எழுதினேன். ஒரு வீடு, ஒரு பெண், இரண்டு ஆண்கள், மூன்று சாவி. சேனலில் தயாரிப்பைப் பார்க்கிற அம்மையாரை எல்லோரும் மேடம் என்போம். மேடம் கதையைக் கேட்டுவிட்டு, “குடும்பத்தோட உட்கார்ந்து பார்க்கணும், ஆனா யாரும் யார் மூஞ்சியையும் பார்க்கக் கூடாது. அந்த மாதிரி இருந்தா ஓகே” என்றார். அந்த மாதிரியே கொடுத்தேன். கண்ணாடி என்னை அண்ணா என்று கூப்பிட்டால் என் மனைவி அவனுக்கு அண்ணி ஆகிறாளே என்று கேட்டவரும் மேடம்தான். அதை வைத்து மூன்று எபிசோடு ஓட்டினோம். எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் என்னை லிஃப்டில் மடக்கி, “நீங்க மூணு பேரும் ஒண்ணா வாக்கிங் போறதைக் குழந்தைங்க பார்க்குது சார்” என்று வருத்தப்பட்டார். அன்று எட்டு மணிக்கு அவர் வீட்டுக் கதவு வழியாக எங்கள் தொடரின் பாட்டு சத்தமாகக் கேட்டது.

மூன்று வருடம் நன்றாக ஓடியது. காரணம், வீட்டில் தினமும் ஏதாவது சண்டை இருந்தது. ஈரத் துண்டை யார் கட்டிலில் போட்டது, யாருடைய பிறந்தநாளை யார் மறந்தது, என் மனைவியின் அக்கா வந்தால் யார் எந்த அறையில் இருப்பதாகக் காட்டிக்கொள்வது. சாயங்காலம் சண்டை, மறுநாள் காலையில் எபிசோடு. அவர்கள் இருவருக்கும் இது தெரியும். கண்ணாடி தொடரைப் பார்த்துவிட்டு, “அண்ணா, நான் இதைவிட நல்லா திட்டினேனே” என்பான். எனக்கு அவனைப் பிடிக்கும். பிடிக்காமல் ஒருவனோடு ஆறு வருடம் ஒரே குளியலறையைப் பகிர்ந்துகொள்ள முடியாது.

நாங்கள் சேர்ந்து வாழ்ந்த ஐந்தாவது வருடத்தில் சண்டை நின்றுவிட்டது. எனக்கு இது ஆச்சரியமாகவே இருந்தது. இருவரும் சத்தமில்லாமல் சந்தோஷமாக இருந்தார்கள். சாப்பிட்டார்கள், துண்டு மடித்தார்கள், ஒரே போர்வையில் காலை நீட்டிக்கொண்டு ஆளுக்கொரு புத்தகம் படித்தார்கள். ஒரு சாயங்காலம் முழுக்க நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிடைத்தது ஒரே வசனம்: “ஜன்னலைச் சாத்தவா?” இதை வைத்துக்கொண்டு இருபத்திரண்டு நிமிடம் எப்படி ஓட்டுவது. பார்ப்பவர்கள் குறைந்தார்கள்.

எனவே சிறு சிறு உதவிகள் செய்தேன். முதலில் பலகையில் இரண்டு கட்டங்களை மாற்றி எழுதினேன். ஒரே அறைக்கு இரண்டு பேர் தலையணையோடு வந்து நின்றோம், அரை எபிசோடு. பிறகு அவள் கண்ணாடிக்குப் பின்னியிருந்த ஸ்வெட்டரை எடுத்து, பழைய துணியோடு வெளியே போட்டேன். அவன் மதிக்காமல் தொலைத்துவிட்டான் என்று அவள் பேசவில்லை, இரண்டு எபிசோடு. பிறகு ஒரு கடிதம். அவன் கடைக்கு, யாரோ ஒரு பெண் எழுதினது போல. கையெழுத்து மாற்றி எழுதுவது வசனகர்த்தாவுக்குப் பெரிய வேலையில்லை. அந்தக் கடிதம் பதினொரு எபிசோடு கொடுத்தது. அவள் நான்கு நாள் அழுதாள். அந்த நான்கு நாளும் முறை யாருடையது என்று பார்க்காமல் சமைத்தது நான்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஐந்தாம் நாள் அவர்கள் சமாதானமாகிவிட்டார்கள். கடிதம் யார் எழுதியிருந்தாலும் பரவாயில்லை என்று அவள் அவனிடம் சொன்னதைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று எழுதிக்கொண்டேன். அதற்குப் பிறகு முன்னைவிட ஒட்டிக்கொண்டார்கள்.

அந்த வாரம்தான் மேடம் என்னைக் கூப்பிட்டார். ஒரு காகிதத்தைத் தள்ளினார். “இருநூறோட முடிச்சிரச் சொல்றாங்க சார். இல்லைன்னா மூணுல ஒண்ணு குறையணும். சாவு ஒண்ணு வந்தாத்தான் திரும்ப நிமிரும்.”

“யாரு?”

“ஆடியன்ஸ்கிட்ட கேட்டோம். புருஷன் செத்தா பரவாயில்லைங்கறாங்க.”

இதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. பார்க்கிறவர்களுக்கு என்ன தெரியும். நூற்றுக்கு எண்பத்தொரு பேர் அப்படிச் சொல்லியிருந்தார்கள். எண்ணிக்கை இப்போதும் நினைவிருக்கிறது, அவ்வளவுதான். கதை நியாயப்படி புருஷன் சாகக்கூடாது, புருஷன் போனால் அது வெறும் காதல் கதையாகிவிடும், மற்றவன்தான் சாக வேண்டும் என்று ஒரு மணி நேரம் விளக்கினேன். மேடம் கடைசியில் சரி என்றார். “ஆனா அந்தப் பொண்ணு அழற அழுகை நிஜமா இருக்கணும். போன வருஷம் மாமனார் செத்தப்போ எழுதினீங்களே, அந்த மாதிரி வேண்டாம். ஆபீஸ்ல எல்லாரும் சிரிச்சிட்டாங்க.”

உண்மைதான். அந்த மாமனார் சாவு என் வாழ்க்கையில் நான் கற்பனையில் எழுதிய ஒரே காட்சி.

வீட்டுக்கு வந்து நோட்டுகளை எல்லாம் புரட்டினேன். என் மனைவியின் சிரிப்பு இருந்தது, கோபம் இருந்தது, நான்கு நாள் அழுகை இருந்தது. போய்விடுவானோ என்று ஒருவனுக்காக அவள் பதறுகிற பதற்றம் மட்டும் இல்லை. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு ஒருமுறை குடல்வால் அறுவை சிகிச்சை நடந்தபோது அவள் மாவட்டப் போட்டிக்குப் போயிருந்தாள்.

ஒரு தொலைக்காட்சிக் காட்சி நான்கு நிமிடம். டாக்டர் சொன்னது ஐந்து முதல் பத்து. நான்கு நிமிடம் கழித்து ஊசியைக் கொடுத்துவிடலாம், அவன் எழுந்து உட்கார்ந்துகொள்வான், எல்லோருக்கும் நல்லது என்று கணக்குப் போட்டேன். இதைக் கொலைத் திட்டம் என்று உங்கள் ரைட்டர் எழுதியிருக்கிறார். எங்கள் தொழிலில் இதற்கு ஒத்திகை என்று பெயர்.

சனிக்கிழமை, மாலை நான்கு மணி. இருநூறாவது எபிசோடு ஒளிபரப்பாகப்போவதற்காக ஒரு கேக் வாங்கிவந்தேன். கடைக்காரர்மேல் எந்தத் தப்பும் இல்லை. பெட்டியில் வேர்க்கடலை சேர்ந்தது என்று தெளிவாகவே ஒட்டியிருந்தார்கள். அந்தச் சீட்டை லிஃப்டில் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். காலையிலேயே டிராயரில் இருந்த ஊசியை எடுத்து அதே பையில் வைத்திருந்தேன். அன்று முறை என்னுடையது. பலகையில் டிக் போட்டிருந்தேன்.

கண்ணாடி எதையும் படிக்காமல் வாயில் வைக்கமாட்டான். எறும்பு சைஸ் எழுத்தையும் விடமாட்டான். பெட்டியை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தான்.

“இதுல ஒண்ணும் போடலையேண்ணா.”

“நான் கேட்டுட்டேன்” என்றேன்.

“நீங்க கேட்டா சரி” என்றான்.

இரண்டாவது கடியில் கையை நிறுத்தினான். என்னைப் பார்த்தான். பார்வையில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை; ஏதோ தப்பு நடந்துவிட்டது, அண்ணா சரிசெய்துவிடுவார் என்கிற மாதிரி இருந்தது. அதை நோட்டில் எழுத முடியவில்லை, அது வசனம் இல்லையே. எனக்கு அது இப்போதும் கஷ்டமாக இருக்கிறது.

என் மனைவி ஓடினாள். டிராயரைத் திறந்தாள். இல்லை. திரும்பிப் பலகையைப் பார்த்தாள். “டிக் இருக்கே” என்றாள். மறுபடி அதே டிராயர். “டிக் இருக்கே, இங்கதானே இருக்கணும்.” மூன்றாம் தடவையும் அதே டிராயரைத்தான் இழுத்தாள், இந்தத் தடவை அது கழன்று கரண்டிகளோடு தரையில் விழுந்தது. வேறு வீட்டில் என்றால் முதல் நிமிடத்திலேயே ஆள்மேல் சந்தேகம் வந்திருக்கும். எங்கள் வீட்டில் பலகையை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

நான் மேஜை ஓரத்தில் சக்கர நாற்காலியில், அதாவது எழுதும்போது உட்காருகிற உருளை வைத்த நாற்காலியில், நோட்டோடு இருந்தேன். நேரத்தை ஓரத்தில் குறித்துக்கொண்டே எழுதினேன். அந்த நோட்டு உங்களிடம் இருக்கிறது. அவள் பேசினதை எல்லாம் இங்கே திரும்ப எழுத வேண்டியதில்லை. “டேய், என்னைப் பாரு. என்னை மட்டும் பாரு. மூச்சு விடு. நான் தண்ணிக்குள்ள எத்தனை பேரைத் தூக்கியிருக்கேன், உன்னைத் தூக்கமாட்டேனா” என்பது இரண்டாம் நிமிடம். “நீ வர்றதுக்கு முன்னாடி எனக்கு எதுவுமே தெரியலைடா” என்பது மூன்றாம் நிமிடம். மேஜைக்கு அடியில் ஊசி விழுந்திருக்குமோ என்று தேடுவதற்காக, என்னை நாற்காலியோடு சேர்த்து ஒரு தள்ளுத் தள்ளினாள். சுவர் வரைக்கும் உருண்டு போனேன். வரி கோணிவிட்டது.

ஏழாவது நிமிடத்தில் எழுந்து, ஊசியை எடுத்து, “சோபா இடுக்குல கிடந்தது” என்று நீட்டினேன். பிடுங்கிக் குத்தினாள். ஆம்புலன்ஸும் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள்.

மூன்று நாளில் எபிசோடை எழுதிக் கொடுத்தேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதியே பழக்கம் என்பதால், காட்சிக் குறிப்பில், ‘ஊசி கணவனின் சட்டைப்பையில் இருக்கிறது. அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான்’ என்பதும் வந்துவிட்டது. மேடம் முழுவதும் படித்தார். பிறகு, “எப்படி சார் இப்படி ஒரு ட்விஸ்ட் தோணிச்சு” என்றார். மறுநாளே படம் பிடித்தார்கள். துக்கத்துக்காக ஒரு வாரம் தள்ளி ஒளிபரப்பலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. பார்த்தவர்கள் எண்ணிக்கையில் அதுதான் இன்றுவரை முதலிடம்.

என் மனைவி அதை அவள் அக்கா வீட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். தான் சொன்னதெல்லாம் வரிசையாக ஒரு நடிகை வாயில் வருவதைக் கேட்டிருக்கிறாள். பிறகு நடிகர் சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டதைப் பார்த்திருக்கிறாள். அடுத்த நாள் காலையில் உங்களிடம் வந்துவிட்டாள். அவள் கொடுத்த வாக்குமூலத்தை நீங்கள் படிக்கக் கொடுத்தீர்கள். கச்சிதமாக இருக்கிறது.

பொறாமையா என்று நேற்று இரண்டு தடவை கேட்டீர்கள். பொறாமைப்படுகிறவன் ஆறு வருடம் இன்னொருவனுடைய துண்டை மடித்து வைப்பானா. தொழில்தான் காரணம், அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கேக் வாங்கியது நான், பெட்டியில் இருந்ததைக் கிழித்தது நான், ஊசியை எடுத்தது நான், பொய் டிக் போட்டது நான். இதில் எதையும் கோர்ட்டில் மாற்றிச் சொல்லமாட்டேன்.

நான்கு நிமிடம் ஏன் ஏழானது என்ற உங்கள் கடைசிக் கேள்விதான் பாக்கி. தொடருக்குத் தேவையானது மூன்றாம் நிமிடத்திலேயே கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதவில்லை; நோட்டைப் பார்த்தாலே தெரியும். பேனாவை மூடிவிட்டேன். கையைச் சட்டைப்பையில்தான் வைத்திருந்தேன், ஊசியின் மூடியைக்கூட விரலால் திறந்தாயிற்று. அவள் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். மாடி வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். சங்கச் செயலாளரை, அந்த ஆளைப் போய், பால்கனியில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டாள். சாமியைக்கூடக் கூப்பிட்டாள், இத்தனைக்கும் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. நான் அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு தடவை என் பக்கம் திரும்பி, “என்னங்க” என்று கூப்பிட்டிருந்தால் அந்த நிமிடமே கொடுத்திருப்பேன்.